தங்கவயல் மண்ணில் கை வைப்பதற்கு முன்: சுரங்க அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய சுரங்க அமைச்சகத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், அரசுப் பணத்தில் பாறையையும் தாதுவையும் தொழிலாளியின் நுரையீரலையும் ஆராயும் விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

நான் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில் பிறந்தவன். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர். எங்கள் நைனா பூமிக்கடியில் இருபத்தாறு வருஷம் துளை போடும் வேலை பார்த்தார். நான் சுரங்கத்துக்குள் இறங்கியதில்லை. எனக்கு வேலைக்குப் போகும் வயது வந்தபோது சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சுதான் ஊரெல்லாம் இருந்தது. அதனால் ஊரில் பாதிப் பேரைப் போல நானும் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி திரும்பி வருகிறவன் ஆனேன்.

சுரங்கத்தை மறுபடி திறங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. திறக்கக் கூடாது என்று சொல்லவும் இல்லை. எங்கள் ஊரைச் சுற்றி நிற்கிறதே சயனைடு மண், அதாவது தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மண், அந்த மேடுகளை ஏலம் விட்டு, திரும்ப அரைத்து, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டம் பற்றித்தான் பேச வந்தேன். 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகமான நிலம், ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் மண். 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவையும் இதற்குச் சம்மதம் சொல்லிவிட்டது. அந்த மண்ணில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதைக் கிளறும்போது ஊருக்குள் எவ்வளவு தூசி வரும், அந்தத் தூசியில் என்ன இருக்கும், அது யார் நெஞ்சில் போய் உட்காரும் என்பதற்கு எங்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒரு கணக்கும் இல்லை. அந்த ஆய்வை முதலில் செய்யுங்கள், எங்கள் ஊரிலேயே உட்கார்ந்து செய்யுங்கள், முடிவை எங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும்.

இதைக் கேட்க எங்களுக்கு என்ன உரிமை என்று யாருக்காவது தோன்றினால், கொஞ்சம் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி என்று இன்றைக்கு எதைச் சொல்கிறோமோ அதில் பெரிய ஒரு பகுதி எங்கள் ஊரில் பிறந்தது. யாரும் விரும்பிப் பெற்றதில்லை, சாவு வந்து பெற வைத்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள், நீங்கள் பாறை வெடிப்பு என்பீர்கள். மருந்து வைத்து வெடிக்கிற வெடி இல்லை இது. ஆழத்தில் பாறையின் மேல் எந்நேரமும் பெரும் பாரம் இருக்கிறது. தாதுவை வெட்டி எடுத்துக் குழியாக்கினால் அந்த இடம் தாங்கிய பாரம் பக்கத்துப் பாறைக்குப் போகும், அதையும் வெட்டினால் அடுத்ததற்குப் போகும், கடைசியில் தூணாக விட்டு வைத்த பாறை தாங்க முடியாமல் ஒரே நொடியில் சிதறும். 1898-லேயே உரிகாம் சுரங்கத்தில் இப்படி நடந்ததாகப் பதிவு இருக்கிறது. அப்போது ஆழம் சில நூறு மீட்டர்தான். பிறகு சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். தரைமேல் காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்பித்தான் ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, ராத்திரியில் தரை ஒரு குலுக்குக் குலுக்கும். அலமாரியில் பாத்திரம் ஒன்றோடொன்று மோதும், சுவரில் பழைய விரிசல் இன்னும் கொஞ்சம் நீளும். மற்ற ஊரில் இப்படி ஆனால் வீட்டை விட்டு வெளியே ஓடுவார்கள். எங்கள் லைனில் பெண்கள் எழுந்து வாசலில் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு. யார் வீட்டு ஆள் அந்த ஷிஃப்டில் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். சங்கு ஊதுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டபடி அம்மா என் தலையில் கை வைத்திருப்பார். அந்தக் கையின் பாரம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்தக் குலுக்கலை அளக்க 1910-களிலேயே ஊரில் நிலநடுக்கமானி வைத்துவிட்டார்கள். 1962 நவம்பரில் சாம்பியன் ரீஃபில் பெரிய பாறை வெடிப்பு வந்து, அதைத் தொடர்ந்து சின்னதும் பெரிதுமாக நாள் கணக்கில் வந்துகொண்டே இருந்தன. 1970-களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு தரையின் அதிர்வைப் பதியும் ஜியோபோன் கருவிகளைப் பல இடத்தில் பதித்தார்கள். எந்தக் கருவிக்கு அதிர்வு எத்தனை நொடி முன்னே பின்னே வந்து சேர்ந்தது என்று பார்த்து, எந்த இடத்துப் பாறை உடைந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை அது. தாது எடுத்த குழிகளைக் கருங்கல் சுவர் கட்டித் தாங்க வைத்தது, பிறகு கான்கிரீட்டுக்கு மாறியது, எந்த வரிசையில் வெட்டினால் பாரம் ஒரே இடத்தில் சேராது என்று கற்றுக்கொண்டது எல்லாம் இங்கே நடந்தது. ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாலும் எங்கள் ஊர்க் கல்லறையில் சில பேர் இருக்கிறார்கள்.

அதே சுரங்கத்துக்குள், ஏறக்குறைய 2,300 மீட்டர் ஆழத்தில், 1965-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் கருவி வைத்து, காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள். உலகத்தில் முதன்முதலாகப் பிடித்த இரண்டு இடங்களில் எங்கள் ஊர் ஒன்று, மற்றது தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம். அந்தக் கருவிகளை கேஜில், அதாவது ஆட்களை இறக்கும் கூண்டில், இறக்கித் தூக்கிப் போய் வைத்தது எங்கள் ஆட்கள். நைனாவோடு வேலை செய்த ஒரு பெரியப்பா அதைச் சொல்லும்போது முகமே மாறிவிடும். "உலகம் பூரா பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க நம்ம குழிக்குள்ள வந்தாங்கடா" என்பார்.

1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தைத் தங்கவயலில் தொடங்கினீர்கள். சரியான இடம்தான். ஆனால் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது, அந்த நிறுவனத்தின் தலைமையகமும் பெங்களூருக்குப் போய்விட்டது. இன்றைக்கு அதன் விஞ்ஞானிகள் இமயமலை நீர்மின் திட்டங்களில் பாறையின் அழுத்தத்தை அளக்கிறார்கள், குகைப் பாதைகளுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். எங்கள் ஊர்ப் பாறை கற்றுக்கொடுத்தது எங்கோ ஒரு தொழிலாளியைக் காப்பாற்றுகிறது என்றால் அதைவிட என்ன வேண்டும். ஆனால் ஊரை விட்டுப் போன ஆராய்ச்சி, ஊருக்குத் தேவை வரும்போது திரும்பி வர வேண்டும். அந்தத் தேவை இப்போது வந்திருக்கிறது.

சரி, மண்ணுக்கு வருகிறேன்.

தங்கவயல் தாது என்பது கடினமான கல், குவார்ட்ஸ். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகத் தங்கம். கல்லை உடைத்து, மில்லில் போட்டு, கோதுமை மாவு மாதிரி நைசாக அரைத்தால்தான் தங்கம் வெளியே தலை காட்டும். ஆரம்பத்தில் பாதரசம் பூசிய தகட்டின் மேல் கூழை ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்தார்கள். பிறகு சயனைடு முறை வந்தது. சயனைடு கரைசலில் தங்கம் கரையும், அதில் துத்தநாகப் பொடியைப் போட்டால் தங்கம் தனியே படியும். மிச்சமான மாவையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி, நூறு வருஷத்துக்கு மேல் கொட்டி, இன்றைக்கு அவை மலையாக நிற்கின்றன. இந்த ஊர் நாட்டுக்குக் கொடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் தங்கம்தான் கிடைக்கும் என்றால், மீதி முழுவதும் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கேயும் போகவில்லை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த மண்ணில் இப்போது இருக்கும் தங்கம் டன்னுக்கு ஒரு கிராம் கூட வராது. ஆனால் தங்கம் விற்கிற விலையில் அதுவும் லாபம். தங்கத்தோடு வேறு தாதுக்களும் இருக்கலாம். டங்ஸ்டன் தருகிற ஷீலைட்டை இதே மண்ணிலிருந்து முன்பு பிரித்து எடுத்திருக்கிறார்கள். 2025-ல் 16,300 கோடி ரூபாய் ஒதுக்கி முக்கியக் கனிமங்களுக்கு என்று தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறீர்கள். சுரங்கக் கழிவிலிருந்து கனிமம் எடுக்கும் சோதனைத் திட்டங்களும் அதில் இருக்கின்றன. ஐ.ஐ.டி.க்களையும் ஜாம்ஷெட்பூர், புவனேஸ்வர் ஆய்வகங்களையும் சிறப்பு மையங்கள் என்று அறிவித்தீர்கள். அந்தப் பட்டியலை நான் வரி வரியாகப் படித்தேன். கனிமத்தை எப்படிப் பிரிப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்கு இத்தனை மூளைகள். நல்லது, செய்ய வேண்டிய வேலைதான். அந்தக் கழிவு மேட்டின் பக்கத்தில் குடியிருக்கிறவனின் மூச்சை யார் அளப்பார்கள் என்று தேடினேன், எனக்கு அகப்படவில்லை.

காற்றடிக்கிற காலத்தில் எங்கள் ஊருக்கு ஒரு முறை வாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் மத்தியானம் வெளியே காயப்போட்ட துணி சாயங்காலம் சாம்பல் பூசி இருக்கும். குடத்தை மூடாமல் வைத்தால் தண்ணீரில் மெல்லிய படலம் நிற்கும். பிள்ளைகள் அந்த மேட்டில் ஏறிச் சறுக்கி விளையாடும், நாங்களும் விளையாடியவர்கள்தான். மழை வந்தால் அது கரைந்து ஓடை வழியாகத் தாழ்வான நிலத்துக்குப் போகும். சினிமாக்காரர்களுக்கு அந்த மேடு அழகாகத் தெரிகிறது, வந்து படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அது மூக்கில் ஏறுகிற மண்.

அதில் சயனைடு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது. பெயரே அப்படி இருப்பதால் கேட்கிறார்கள். வெயிலிலும் காற்றிலும் சயனைடு நாளடைவில் சிதைந்துவிடும் என்று படித்திருக்கிறேன். எனக்கு அதைவிடப் பெரிய பயம் அரைத்த குவார்ட்ஸ் மேல், அதாவது சிலிக்கா. வெயிலும் மழையும் எத்தனை வருஷம் அடித்தாலும் அது அப்படியேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும், தும்மினால் இருமினால் வெளியே வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத பொடி இருக்கிறதே, ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கும் அதைவிடச் சின்னதும், அது நேராக நுரையீரலின் அடிக்குப் போய் உட்காரும். உடம்பு அதோடு சண்டை போட்டுப் போட்டு அந்த இடத்தையே தழும்பாக்கிவிடும். தழும்பான இடத்தில் காற்று நுழையாது. இதுதான் சிலிக்கோசிஸ். மருந்து கிடையாது. தூசியை விட்டு விலகி வந்த பிறகும், பத்து இருபது வருஷம் கழித்துக்கூட, முற்றிக்கொண்டே போகும். காசநோயும் சுலபமாகத் தொற்றும்.

நைனாவுக்கு 2006-ல் இருமல் ஆரம்பித்தது. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், காசநோய் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார், குறையவில்லை. மறுபடி போனோம், மறுபடி அதே மாத்திரை. நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அங்கே ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. மூன்றாவது வருஷம் வேறொரு டாக்டர், வயதானவர், எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க மைன்ஸா?" என்று கேட்டார். நைனா சிரித்தார். தன்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்களே என்கிற சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது. கடைசி ஒரு வருஷம் படுத்துத் தூங்க முடியாது, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். 2011-ல் போய்விட்டார். அவர் வேலை செய்த காலத்து உடல் பரிசோதனைக் காகிதங்கள் எங்காவது இருக்குமா என்று நான் ஒரு அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தேன். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதை என் வீட்டுக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் சிலிக்கோசிஸ் பற்றி நடந்த முதல் பெரிய ஆய்வே எங்கள் ஊரில்தான். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. இன்றைக்கும் தொழில் நோய் பற்றி எழுதுகிறவர்கள் அந்த எண்ணை மேற்கோள் காட்டுகிறார்கள். அவ்வளவு பேரின் எக்ஸ்ரே, அவ்வளவு பேரின் மூச்சளவு, அதற்குப் பிறகும் சுரங்கம் மூடுகிற வரை அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்த சோதனைகள், இதெல்லாம் ஒரு நாட்டுக்கு எவ்வளவு பெரிய செல்வம். எங்கே வேலை செய்தவனுக்கு, எத்தனை வருஷத்தில், எவ்வளவு தூசியில் நோய் வந்தது என்பதை அதிலிருந்து படிக்கலாம். அந்தக் காகிதங்கள் எங்கே இருக்கின்றனவோ தேடி எடுங்கள், கறையான் தின்பதற்கு முன். ஸ்கேன் செய்து, பெயரை மறைத்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். குடும்பத்தார் கேட்டால் அவரவர் வீட்டு ஆளின் காகிதத்தைக் கொடுங்கள். ஜியோபோன் பதிவுகளுக்கும் இதே வேண்டுகோள்தான்.

யாரிடம் இதைக் கேட்பது என்பதே எங்களுக்குப் பெரிய தலைவலி. மண் உங்கள் அமைச்சகத்தின் கீழுள்ள நிறுவனத்தின் நிலத்தில் இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம், 1902-லிருந்து இருக்கிற அமைப்பு, அது தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ். காற்றையும் தண்ணீரையும் பார்ப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கென்று 1990-ல் உங்கள் அமைச்சகமே தொடங்கிய தேசிய நிறுவனம் ஒன்று இருந்தது, அதைக் கலைத்து, அகமதாபாத்தில் இருக்கும் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தோடு சேர்க்க முடிவெடுத்தீர்கள். அந்த நிறுவனம் இருக்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் போனால் தரம் கூடும் என்பது காரணமாக இருக்கலாம், அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1907 டிசம்பரில் மோனங்கா என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரே விபத்தில் 362 பேர் செத்துப் போனார்கள், அதுவும் அதையொட்டி வந்த விபத்துகளும் சேர்ந்து 1910-ல் சுரங்கங்களுக்கென்றே ஒரு அரசு ஆராய்ச்சி அமைப்பை உருவாக்க வைத்தன. சுரங்கத்துக்குள் எரிவாயு எப்படி வெடிக்கிறது, கரித்தூள் எப்படித் தீப்பிடிக்கிறது என்று சோதனைச் சுரங்கமே வெட்டி ஆராய்ந்தார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று 1996-ல் அதை மூடி, பாதுகாப்பு ஆராய்ச்சியை வேறொரு நிறுவனத்தோடு சேர்த்தார்கள். முப்பது வருஷம் ஆகப் போகிற நேரத்தில், 2025-ல், அந்த நிறுவனத்திலும் ஆட்களைக் குறைத்தபோது, நிலக்கரித் தொழிலாளிகளின் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்க்கும் வேலை நின்று, ஒரு தொழிலாளி நீதிமன்றம் போய்த்தான் அது திரும்ப வந்தது. ஒரு வேலையைப் பெரிய வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் வீட்டுக்காரருக்கு அதன் ஞாபகம் இருக்க வேண்டும். அகமதாபாத்துக்குத் தங்கவயல் ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்று. சுரங்கத்தை மூடும்போது என்னென்ன செய்துவிட்டு மூட வேண்டும் என்ற மூடல் திட்டத்தை 2003-ல்தான் விதியில் கட்டாயமாக்கினீர்கள். எங்கள் சுரங்கம் மூடியது 2001. அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் விதிக்கு வெளியே விழுந்துவிட்டோம். பம்புகளை நிறுத்தினார்கள், கிலோமீட்டர் கிலோமீட்டராகப் போகிற குழிகள் தண்ணீரில் மூழ்கின. பாரம் ஏறி நிற்கும் பாறையின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கினால் அது வழுக்கிக் கொடுக்கும். மூடிய பிறகும் தரை குலுங்கியதற்கு இதுதான் காரணம் என்று உங்கள் பாறை இயக்கவியல் விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள்.

இதை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், மண்ணைத் திரும்ப அரைக்கத் தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும். உலர்ந்த மண்ணை இயந்திரம் வைத்துத் தோண்டி லாரியில் ஏற்றினால் தூசி ஊரைத் தின்னும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கூழாக்கிக் குழாயில் அனுப்பினால் தூசி குறையும், ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கே தண்ணீர் தட்டுப்பாடு. அப்போது யாராவது ஒருவர் சுரங்கத்துக்குள் கிடக்கும் தண்ணீரைக் காட்டுவார். நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கும். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்த குழிகளிலிருந்து தண்ணீரை இறைத்தால் அழுத்தம் மாறும். அந்தப் பாறை என்ன செய்யும்? மேலே வீடுகள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது. டெண்டர் எடுக்கிற கம்பெனி இதற்குப் பதில் தேடாது, அதன் வேலையும் அது இல்லை. அரசு ஆராய்ச்சி என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி லாபம் வராத கேள்விக்குப் பதில் தேடத்தான்.

அளவையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 10,000 டன் மண்ணைக் கிளறுவதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் முடிய 9 வருஷம் ஆகும். இன்றைக்குப் பிறக்கிற குழந்தை நான்காம் வகுப்பு போகிற வரை தினம் தினம். அரைத்து முடித்த மண் மறுபடியும் எங்கே போகும்? டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக எடுத்துவிட்டு மிச்சம் முழுக்கத் திரும்பக் கொட்டத்தானே வேண்டும். புதிய சயனைடு பட்ட புதிய மேடு. அதன் அடியில் விரிப்பு போடுவார்களா, மேலே மண் போட்டுச் செடி வளர்ப்பார்களா, அந்தச் செலவை யார் தலையில் எழுதுவீர்கள்? சுரங்கப் பள்ளத்துக்குள்ளேயே நிரப்பலாம் என்றால் அதற்கும் பாறை ஆய்வு வேண்டும், நிலத்தடி நீர் ஆய்வு வேண்டும்.

ஆகவே என் கோரிக்கையை நேராகச் சொல்லிவிடுகிறேன். முதல் லாரி நகர்வதற்கு முன்னால் குறைந்தது ஒரு முழு வருஷம், நாலு பருவமும், ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை காற்றில் சிலிக்கா எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த அடிப்படை எண் இல்லாமல் நாளைக்குக் கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மேட்டிலும் தங்கத்துக்குச் சோதித்த மாதிரியே ஆர்செனிக், பாதரசம், சயனைடு, சிலிக்கா நான்குக்கும் சோதித்து, எந்த மேட்டில் எது எவ்வளவு என்று ஊர் முழுக்க எழுதி ஒட்டுங்கள், தமிழிலும் கன்னடத்திலும். இந்த ஊரில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழ், ஆங்கிலத்தில் முந்நூறு பக்க அறிக்கையை இணையத்தில் போட்டுவிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டோம் என்று சொல்லாதீர்கள். பழைய தொழிலாளிகள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே ஒரு முகாம் போட்டு, சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயைப் படிக்கப் பயிற்சி பெற்ற டாக்டர்களை வைத்து, அவர்கள் நெஞ்சைப் பாருங்கள். ராஜஸ்தான் 2019-லேயே இதற்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்து, நோய் உறுதியானால் இவ்வளவு, இறந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று உதவி கொடுக்கிறது. கல்லுடைக்கிறவனுக்கும் குவாரித் தொழிலாளிக்கும் அங்கே கிடைப்பது, நாட்டுக்கே தங்கம் எடுத்துக் கொடுத்தவனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அப்புறம், வரப் போகும் வேலையில் சேரும் எங்கள் பிள்ளைகளுக்கு, நிரந்தரமோ ஒப்பந்தமோ, சேரும் நாளில் ஒரு எக்ஸ்ரே, வருஷா வருஷம் ஒன்று, வேலையை விட்ட பிறகும் தொடர்ந்து. ஒப்பந்தக்காரர் மாறினாலும் அந்தக் கோப்பு மாறாமல் ஒரே அரசு ஆய்வகத்தில் இருக்க வேண்டும். அந்த ஆய்வகம் தங்கவயலில் இருக்கட்டும். கட்டடத்துக்குக் குறைவில்லை, எத்தனையோ பங்களாக்கள் பூட்டிக் கிடக்கின்றன.

விஞ்ஞானிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் சிலர் எங்கள் ஊரில் வேலை பார்த்தவர்கள், எங்கள் தெருக் கடையில் டீ குடித்தவர்கள். உங்கள் கட்டுரைகள் சிலவற்றை நான் அகராதி வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். பாறையின் அழுத்தம் எத்தனை மெகா பாஸ்கல் என்று இருக்கிறது, அதிர்வின் அளவு இருக்கிறது. இந்த முறை வரும்போது ஊரில் உள்ளவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எந்த ஷாஃப்டில் தண்ணீர் எந்தப் பக்கம் ஊறும், எந்த மட்டத்தில் பாறை 'பேசும்' என்று சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். வெடிப்பதற்கு முன் பாறை படபடவென்று சத்தம் கொடுக்கும், அந்தச் சத்தத்தை வைத்தே ஆட்களை வெளியே இழுத்துவந்து காப்பாற்றிய மேஸ்திரிகள் இருந்தார்கள் என்று நைனா சொல்வார். அவர்கள் போய்விட்டால் அந்த அறிவும் போய்விடும்.

நைனாவின் எக்ஸ்ரே படங்கள் ஐந்தும் என்னிடம் இருக்கின்றன, 2006-லிருந்து 2010 வரை எடுத்தவை, பழுப்பு உறையில், டிரங்குப் பெட்டியின் அடியில். எங்கள் லைனில் மட்டும் இன்னும் எட்டு ஒன்பது வீட்டில் இந்த மாதிரி உறை இருக்கிறது, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மற்ற நாளில் ஊர் ஆட்கள் பாதிப் பேர் ரயிலில் இருப்பார்கள். எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
சாம்பியன் ரீஃப் டிரில்லர் ஒருவரின் மகன்